சின்ன ஆஸ்பத்திரி நடத்துறவங்க தவிர்க்க வேண்டிய தப்புங்க, முக்கியமா அந்த ஃப்ரீ மெஷின்

அட்மின் வேலைக்குப் புதுசா சேர்ந்த தம்பி ஒருத்தன் போன மாசம் போன் பண்ணி "அண்ணே, நம்ம லேபுக்கு தைராய்டு மெஷின் ஃப்ரீயா தர்றாங்களாம், நாளைக்கு கையெழுத்து"ன்னு சந்தோஷமா சொன்னான். எனக்கு வயித்தைப் பிசைஞ்சுது. பல வருஷம் முன்னாடி இதே கையெழுத்தை நானும் போட்டிருக்கேன். பில்லைச் சரி பாரு, ஸ்டாக்கை எண்ணுன்னு எல்லாம் சொல்லப் போறதில்ல, அது உங்களுக்கே தெரியும்.

ஃப்ரீ மெஷின்

இதுக்குப் பேரு ரீஏஜென்ட் ரென்டல். மெஷினுக்குக் காசு இல்ல, ஆனா ரீஏஜென்ட், அதான் டெஸ்டுக்கு மெஷின்ல ஊத்துற கெமிக்கல், அவங்ககிட்ட மட்டும்தான் வாங்கணும், வேற கம்பெனியோடதை மெஷின் ஏத்துக்காது, அதோட மாசம் இத்தனை டெஸ்டுக்கு எடுத்தே ஆகணும்னு அஞ்சு வருஷ அக்ரிமென்ட் வேற. நான் இருந்தது தாலுகா ஊர்ல ஒரு ட்ரஸ்ட் நடத்துன 40 பெட் ஆஸ்பத்திரி. தைராய்டு டெஸ்ட் நாளைக்கு ரெண்டு வந்தா பெருசு. 100 டெஸ்டுக்கான ரீஏஜென்ட் பெட்டியை, அதான் கிட்டை, மெஷினுக்குள்ள ஏத்திட்டா பெட்டியில போட்டிருக்குற எக்ஸ்பைரி தேதி செல்லாது, எங்களுது நாலு வாரம்தான் தாங்கும், அதுக்கப்புறம் மிச்சத்தைக் கொட்டணும். மெஷின் அளவைச் சரி பண்ற காலிபரேஷன், சரியா காட்டுதான்னு காலையில ஓட்டிப் பாக்குற கன்ட்ரோல், ரிப்பீட் எல்லாமே அந்த 100-லதான் கழியும். நோயாளி கைக்குப் போற ரிப்போர்ட் 50 தாண்டாது. கிட் விலையை 100-ஆல வகுத்து ரேட் போட்டது என் தப்பு, ரிப்போர்ட் எண்ணிக்கையாலதான் வகுத்திருக்கணும்.

பணம் போனதைக்கூட ஆத்திக்கலாம். மினிமம் எட்டலன்னு கம்பெனி லெட்டர் போடும், ட்ரஸ்ட்ல என்னைக் கேப்பாங்க, நான் போய் டாக்டர் முன்னாடி நின்னு "சார், தைராய்டு கொஞ்சம் சேத்து எழுதுங்க"ன்னு கேட்டிருக்கேன். சளிக்கு வந்த பூக்கார அம்மா ஒருத்தங்க தேவையே இல்லாத டெஸ்டுக்கு சுருக்குப்பையில இருந்து பத்து பத்தா எண்ணி வெச்சதை கவுன்டர்லயே நின்னு பாத்தேன். அந்த அக்ரிமென்ட்டை நெனச்சா இன்னைக்கும் பத்திக்கிட்டு வருது.

கம்பெனி ரெப் வந்தா "வால்யூம் ஏறினா செலவு குறையும், அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைப் பாருங்க சார்"ம்பாரு. 1976-ல மதுரையில 11 பெட்டோட ஆரம்பிச்சு, 1992-ல கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸைத் தாங்களே செய்ய அரோலேப்னு ஒண்ணு தொடங்குற வரைக்கும் போனவங்க அவங்க, உண்மைதான். ஆனா அந்தக் கூட்டம் கிராமம் கிராமமா கேம்ப் போட்டு, கண்ணு தெரியாம வீட்டுக்குள்ளயே கெடந்தவங்களைக் கூட்டிட்டு வந்ததால சேந்தது, மினிமத்தை ரொப்புறதுக்காக எழுதுனது இல்ல.

அதனால முதல்ல ஆறு மாச லேப் ரெஜிஸ்டரை எடுத்து நீங்களே எண்ணுங்க. சுகர், கிரியேட்டினினுக்கு ஓப்பன் சிஸ்டம் செமி ஆட்டோ அனலைசர் சொந்தமா வாங்கிடுங்க, எந்தக் கம்பெனி ரீஏஜென்ட்டும் ஓடும். தைராய்டு அவசர டெஸ்ட் இல்ல, பெரிய லேபுக்கு அனுப்பலாம். ரென்டல்தான் வேணும்னா மினிமத்தை அக்ரிமென்ட்ல இருந்து தூக்கச் சொல்லுங்க, விலை எப்ப எவ்வளவு ஏறும்னு எழுதி வாங்குங்க, கிட் கணக்கு வேணாம், ரிப்போர்ட் ஒண்ணுக்கு இவ்வளவுன்னு பேசுங்க, அப்ப வேஸ்டும் கன்ட்ரோலும் அவங்க பொறுப்பு. தம்பி எண்ணிப் பாத்தான், மாசத்துக்கு 40 கூட இல்ல. கையெழுத்துப் போடல, இப்ப சாம்பிளை வெளிய அனுப்புறான்.

ஒரே மருந்துக்கு ஏழு பிராண்டு

டாக்டருக்கு ஒண்ணுன்னு ஃபார்மசியில அடுக்காதீங்க, ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் காலாவதியாகும். 1994-ல ஆரம்பிச்ச தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் இதைத்தான் சரி பண்ணுச்சு. அத்தியாவசிய மருந்துக்கு ஒரு லிஸ்ட், ஜெனரிக் பேர்ல ஒரே டெண்டர், மாவட்டக் கிடங்கு, எவ்வளவு மருந்து எடுக்கலாம், எவ்வளவு எடுத்தாச்சுன்னு கணக்குக்கு ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாஸ்புக். அத்தனை அரசு ஆஸ்பத்திரிக்கும் ஒரு லிஸ்ட் போதும்னா நமக்கு ஏன் ஏழு பிராண்டு? டாக்டர்களை ஒரு சாயந்திரம் உக்கார வெச்சு நம்ம லிஸ்ட்டை முடிவு பண்ணுங்க.

10-க்கு 3 ஃப்ரீ ஆஃபர்

மருந்து கம்பெனி ஃப்ரீயா தர்ற அந்த 3-ம் எக்ஸ்பைரி பெட்டிக்குத்தான் போகும்.

சர்வீஸ் கான்ட்ராக்ட்

வாரன்டி முடிஞ்சப்புறம் என்ன ரேட்டுன்னு வாங்குற அன்னைக்கே எழுதி வாங்குங்க.

முதலமைச்சர் காப்பீட்டு கேஸ்

முன்னாடியே நாள் குறிச்ச ஆபரேஷனா? காப்பீட்டு அப்ரூவல் கைக்கு வராம நோயாளியைத் தியேட்டருக்கு அனுப்பாதீங்க.