விண்ணப்பக் கட்டுரையில் சித்த மருத்துவத்தை எழுதலாமா?

அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. தாராளமாக எழுதலாம். ஆனால் உங்கள் நம்பிக்கையை எழுதாமல், நீங்கள் கண்ணால் பார்த்ததையும் கையால் செய்ததையும் எழுதுங்கள்.

என் முதல் வரைவு, "அலோபதி அறிகுறியை அடக்கும், சித்த மருத்துவம் நோயின் வேரையே பிடுங்கும்" என்று தொடங்கியது. அதை வாசித்த ஆலோசகர், "அப்படியென்றால் இங்கே எதற்குப் படிக்க வருகிறாய்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பத்தில் கட்டுரைக்கு இடைவெளியும் சேர்த்து 5,300 எழுத்துகள்தான் இடம். அதைப் படிப்பவர்களில் பலர் மருத்துவர்கள். அவர்கள் தொழிலைக் குறைசொல்ல அதில் ஒரு வரிகூடச் செலவழிக்காதீர்கள்.

அப்புறம் எதை எழுதினேன்? தாத்தாவை. சங்கரன்கோவிலிலிருந்து நியூ ஜெர்சியில் உள்ள எடிசனுக்கு வந்து எங்களோடு ஆறு மாதம் இருந்தார். இங்கே அவருடைய ரத்த அழுத்த மாத்திரையை லிசினோப்ரிலுக்கு மாற்றினார்கள். கொஞ்ச நாளில் வறட்டு இருமல். 130-இல் இருந்த அழுத்தம் 170-க்கு ஏறியது. தினமும் அளந்து ஃபிரிட்ஜில் மாட்டியிருந்த காலண்டரில் குறித்தேன். கிளினிக்கில் செவிலியர் கேட்டதை, "வேற மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா தாத்தா?" என்று மொழிபெயர்த்தேன். "ஒண்ணும் இல்லம்மா" என்றார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் தலையணைக்கு அடியில் காகிதப் பொட்டலம். உள்ளே பல் பதிந்து நார் நாராகப் பிரிந்த அதிமதுரக் குச்சிகள். "இது மருந்தாம்மா? தொண்டைக்கு இதமா இருக்கும்னு மெல்லுறேன்." நாள்கணக்கில் அதிகமாக மென்றால் அதிமதுரம் உடம்பில் உப்பைத் தேக்கும், பொட்டாசியத்தைக் குறைக்கும், அழுத்தத்தை ஏற்றும். இருமலைக் கொண்டுவந்ததோ அந்த மாத்திரை. அதன் தெரிந்த பக்கவிளைவு அது. மருத்துவர் மாத்திரையை மாற்றினார், தாத்தா குச்சியை விட்டார், சில வாரத்தில் அழுத்தம் இறங்கியது. நான் கேட்ட கேள்வியில்தான் பிழை என்று எழுதினேன். கஷாயம், லேகியம், வாயில் அடக்கிக்கொள்வது என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருக்க வேண்டும்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கும். அதைத் தேடி எடுங்கள்.

சொற்களில் கவனம் தேவை. வழக்கமான சிகிச்சைக்குப் பதிலாகச் செய்வது மாற்று மருத்துவம். அதோடு சேர்த்துச் செய்வது துணை மருத்துவம். என்ஐஎச் என்ற அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பில் இதற்கென உள்ள மையமே 2014-இல் தன் பெயரிலிருந்த 'மாற்று' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'ஒருங்கிணைந்த' என்று வைத்துக்கொண்டது. எம்டி போலவே இன்னொரு மருத்துவப் பட்டமான டிஓ தரும் ஆஸ்டியோபதி கல்லூரிக்கு எழுதும்போது ஆஸ்டியோபதியை மாற்று மருத்துவம் என்று சொல்லிவிடாதீர்கள். டிஓ பட்டம் பெற்றவர்கள் ஐம்பது மாநிலங்களிலும் முழு உரிமம் பெறும் மருத்துவர்கள்.

நேர்காணலுக்குப் பாரம்பரிய மருத்துவத்தின் நன்மை, ஆபத்து இரண்டையும் படித்துக்கொண்டு போங்கள். பழைய சீன மருத்துவ நூலில் கிடைத்த குறிப்பைப் பிடித்துக்கொண்டு சோதித்துச் சோதித்து ஆர்ட்டிமிசினின் என்ற மலேரியா மருந்தைக் கண்டறிந்த தூ யூயூவுக்கு 2015-இல் நோபல் கிடைத்தது. பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14-இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் போன்ற நச்சு உலோகங்கள் இருந்ததாக 2004-இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் ஆய்வு வந்தது. ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு போனால் அடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள்.

"கீமோவை நிறுத்திவிட்டு மூலிகைக்குப் போகிறேன் என்று நோயாளி சொன்னால்?" என்று என்னைக் கேட்டார்கள். எதற்குப் பயப்படுகிறார் என்று முதலில் கேட்பேன், நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை மறைக்காமல் சொல்வேன், அந்த மூலிகையின் பெயரை எழுதி வாங்கிக்கொள்வேன், அடுத்த வாரம் கட்டாயம் வரச் சொல்வேன் என்றேன்.