கோலாலம்பூரில் தூண்டில் போடப் பழகுகிறீர்களா? முதலில் மழையைக் கவனியுங்கள்

தூண்டில் பழக ஆசைப்பட்டு யூடியூபில் தேடினால், வசந்தத்தில் இந்த மீன், குளிர்காலத்தில் இந்த இரை என்று நான்கு பருவமாகப் பிரித்துச் சொல்லித் தருகிறார்கள். நமக்கு அது உதவாது. இங்கே ஆண்டு முழுக்க வெயில்தான், மாறுவது மழை ஒன்றுதான். மழை கூடினால் நீர் ஏறும், கலங்கும், மீன் கரையோரப் புல்லுக்கு வரும். மழை குறைந்தால் நீர் இறங்கிச் சூடேறும், மீன் நிழலையும் ஆழத்தையும் தேடிப் போய்விடும். இந்த இரண்டையும் பார்க்கப் பழகிவிட்டால் விலை குறைந்த தூண்டிலே போதும். பார்க்கப் பழகாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியும் பயனில்லை. கோலாலம்பூர், சிலாங்கூர் பக்கம் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக, முதல் நாளிலிருந்து படிப்படியாகச் சொல்கிறேன்.

1. இடம்

முதல் சில தடவை பணம் கட்டிப் பிடிக்கும் குளத்துக்கே போங்கள். மணிக்கணக்குக்குக் கட்டணம் வாங்குகிற குளங்கள் உண்டு, பிடித்ததை எடை போட்டுக் காசு வாங்குகிறவையும் உண்டு, பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும் என்கிறவையும் உண்டு. எது என்று நுழையும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே கேலி (கெளுத்தி வகை), பாத்தின் (பெரிய கெளுத்தி வகை), ரோகு, திலாப்பியா மீன்கள் நிறைய இருக்கும், கரை பாதுகாப்பாக இருக்கும், முக்கியமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அங்கிள் நீங்கள் கேட்காமலேயே முடிச்சுப் போடச் சொல்லித் தருவார்.

அடுத்தது ஈயக் குட்டைகள். 1857இல் அம்பாங் பக்கம் வெள்ளீயம் தோண்ட வந்தவர்களால் உருவான ஊர்தான் கோலாலம்பூர். 1985இல் ஈய விலை சரிந்த பிறகு கைவிடப்பட்ட சுரங்கங்கள் பலவும் குட்டைகளாகிவிட்டன. தோமானும் (பெரிய விரால் வகை) திலாப்பியாவும் அங்கே நன்றாக வளர்கின்றன. ஆனால் இந்தக் குட்டைகளின் கரை மெல்ல மெல்லச் சரிந்து ஆழமாவதில்லை, இரண்டடி தள்ளி திடீரென்று ஆளை விழுங்கும் ஆழம் இருக்கும். மணலும் சேறும் கலந்த விளிம்பு காலடியில் உடைந்து போகும். தனியாகப் போகாதீர்கள், விளிம்பில் நிற்காதீர்கள், பிள்ளைகளைக் கூட்டிப் போகவே போகாதீர்கள்.

பத்து, ஜிஞ்சாங் போன்ற வெள்ளத் தடுப்புக் குளங்களைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். பலத்த மழையில் ஆற்று வெள்ளத்தைத் திருப்பிவிடுவதற்காகவே கட்டப்பட்டவை அவை, நீர் சட்டென்று ஏறிவிடும். மீன் பிடிக்காதே என்று அறிவிப்புப் பலகை சொன்னால் பிடிக்கவே வேண்டாம். குடிநீர் அணைகளும் அப்படித்தான். பிரேசர் மலைக்குப் போகும் வழியில் இருக்கிற சுங்கை சீலிங் ஆறு, கெலா என்ற ஆற்று மீன்களுக்கான சரணாலயம், அங்கே தூண்டிலை எடுத்துக்கொண்டே போகாதீர்கள்.

2. சாமான்

ஆறு அல்லது ஆறரை அடி நீளத்தில் நடுத்தர வலுவுள்ள கோல், 2500 அளவு ரீல், 10 அல்லது 12 பவுண்டு இழுவை தாங்கும் தங்கூசி, அதாவது நைலான் தூண்டில் நூல். இவ்வளவுதான். தங்கூசியை ரீலின் விளிம்புக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீழே நிற்கும்படி சுற்றுங்கள். அதற்கு மேல் சுற்றினால் வீசும்போது கொத்தாகக் கழன்று சிக்கிக்கொள்ளும், ரொம்பக் குறைத்தால் தூரம் போகாது.

தூண்டில் முள் வாங்கும்போது புதியவர்கள் குழம்புவது எண்ணில்தான். 10ஆம் எண் முள் 6ஆம் எண்ணைவிடச் சிறியது. எண் குறையக் குறைய முள் பெரிதாகும். திலாப்பியாவுக்கும் லம்பாம் என்ற கெண்டை வகைக்கும் 8 அல்லது 10, கேலிக்கு 4, பாத்தினுக்கு அதைவிடப் பெரியது. சின்ன வாய் மீனுக்குப் பெரிய முள்ளைக் கட்டினால் இரை மட்டும் போய்க்கொண்டே இருக்கும். இவற்றோடு நாலைந்து தக்கை, எடைக்கு ஈயக் குண்டு, ஒரு மூக்குக் குறடு, பழைய துண்டு ஒன்று. குறடு இல்லாமல் போகவே கூடாது, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

3. முடிச்சு

ஒரு முடிச்சு தெரிந்தால் போதும். தங்கூசியை முள்ளின் காதுக்குள் விட்டு ஒரு சாண் இழுத்துக்கொள்ளுங்கள். அந்த நுனியால் பிரதான நூலை ஐந்து சுற்றுச் சுற்றுங்கள். இப்போது காதை ஒட்டி ஒரு சின்ன வளையம் தெரியும், நுனியை அதற்குள் விடுங்கள். அப்போது புதிதாக ஒரு பெரிய வளையம் உண்டாகும், அதற்குள்ளும் விடுங்கள். இறுக்குவதற்கு முன் எச்சிலால் நனையுங்கள். நனைக்காமல் இறுக்கினால் உரசும் சூட்டில் நைலான் நைந்துபோகும், அப்புறம் நல்ல மீன் வரும்போது அறுவது சரியாக அந்த இடத்தில்தான். வீட்டில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே கட்டிக் கட்டிப் பழகுங்கள், குளக்கரையில் கை நடுங்காது.

4. இரை

மண்புழுவை வேண்டாம் என்று சொல்லும் மீன் இங்கே குறைவு. திலாப்பியாவுக்கும் ரோகுவுக்கும் ரொட்டி நன்றாக வேலை செய்யும்: ரொட்டியின் வெள்ளைப் பகுதியை நனைத்துப் பிழிந்து, கொஞ்சம் ஆட்டா மாவு சேர்த்து, சப்பாத்தி மாவைவிடச் சற்று இறுக்கமாகப் பிசைந்தால் முள்ளில் நிற்கும். கேலிக்கும் பாத்தினுக்கும் கோழிக் குடல், ஈரல். நாற்றம் அதிகமாக இருக்கட்டும், அவை மோப்பத்தால்தான் இரை தேடுகின்றன. செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும்: பழுத்த செம்பனைப் பழம் பாத்தினுக்கும் லம்பாமுக்கும் அருமையான இரை. தோட்ட வாய்க்காலில் உதிர்ந்து விழுகிற பழத்தைத் தின்று பழகிய மீன் அதை விடாது.

ஹாருவானுக்கும் (விரால்) தோமானுக்கும் அசைகிற இரை வேண்டும். ரப்பர் தவளை ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பாசிக்கு மேல் இழுத்தாலும் சிக்காது. தோமானின் பல் சாதாரணத் தங்கூசியை அறுத்துவிடும், ஆகவே முனையில் ஓர் அடிக்கு 40 பவுண்டுத் தடித்த நூலைக் கட்டிக்கொள்ளுங்கள்.

5. வீசுவதும் காத்திருப்பதும்

ஆள்காட்டி விரலால் நூலைப் பிடித்து, ரீலின் கம்பியைத் திறந்து, பின்னால் யாரும் இல்லை என்று திரும்பிப் பார்த்துவிட்டு வீசுங்கள். கோல் உங்கள் முன்னால் இலக்கை நோக்கி வரும்போது விரலை விடுங்கள். முன்னதாக விட்டால் இரை வானத்துக்குப் போகும், தாமதமாக விட்டால் காலடியில் விழும். தூரமாக வீச வேண்டும் என்று மல்லுக்கட்ட வேண்டாம், மீன் பாதி நேரம் கரையிலிருந்து பத்தடிக்குள்தான் இருக்கிறது.

ரீலில் நூலை விட்டுக்கொடுக்கும் திருகு ஒன்று இருக்கும். கையால் நூலைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், அது அறுந்துபோகும் பலத்தில் கால் பங்குக்கு இழுத்தாலே ரீல் விட்டுக்கொடுக்க வேண்டும். பாத்தின் ஓடும்போது அதை ஓடவிட்டுக் களைக்க வைப்பது இந்தத் திருகுதான், உங்கள் கை பலம் இல்லை. தக்கை லேசாக ஆடும்போதே இழுக்காதீர்கள், பக்கவாட்டில் நகர்ந்தோ முழுகியோ போகும்போது கோலை மேலே தூக்குங்கள். கேலிக்குத் தக்கையே தேவையில்லை, ஈயத்தோடு தரையில் இரையைக் கிடத்திவிட்டு கோல் முனையைப் பாருங்கள்.

6. மாதம் பார்த்துப் போவது

இதுதான் முக்கியம்.

தை, மாசி. கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும்போது, நடுவில் தித்திவாங்சா மலைத்தொடர் நிற்பதால் நம் பக்கம் மழை குறைந்துவிடும். தைப்பூசத்தை ஒட்டிய வாரங்களில் குட்டைகளில் நீர் தெளிந்து வரும். புதியவர்களுக்கு ஏற்ற காலம் இது. காலை ஏழே காலிலிருந்து ஒன்பதரை வரை மரநிழல் விழும் பக்கத்தில் போடுங்கள். நீர் தெளிவாக இருந்தால் மீனுக்கு நீங்களும் தெரிவீர்கள், சத்தமில்லாமல் கொஞ்சம் பின்னால் தள்ளி நில்லுங்கள்.

பங்குனி, சித்திரை. காலையில் கொளுத்தும், பிற்பகலில் இடியோடு கொட்டும். காலையில் போய் மதியத்துக்குள் திரும்பிவிடுங்கள். மறுநாள் காலையில், முந்திய நாள் மழைநீர் குளத்துக்குள் இறங்குகிற வாய்க்கால் முனையைத் தேடுங்கள். புழு, பூச்சி, செம்பனைப் பழம் எல்லாம் அடித்துக்கொண்டு வரும் இடம் அது, லம்பாமும் கேலியும் அங்கேதான் நிற்கும்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். பல நாள் வெயிலுக்குப் பிறகு முதல் பெருமழை பெய்தால் மறுநாள் மீன் கடிக்காது. மேலே விழுந்த குளிர்ந்த நீர் கீழே இறங்க, அடியில் தேங்கியிருந்த உயிர்வளி இல்லாத நீர் மேலே வருகிறது. மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்க்கலாம். நிறைய மீன் தெரிகிறதே என்று அங்கே நாள் முழுக்க உட்கார வேண்டாம், மூச்சுக்குத் தவிக்கிற மீன் இரை எடுக்காது. கேலி, ஹாருவான், பனையேறிக் கெண்டை மூன்றும் காற்றையே சுவாசிக்கக் கூடியவை என்பதால் அன்றைக்கும் கடிக்கும். மற்றவற்றுக்கு இரண்டு நாள் விட்டுப் போங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை. தமிழ்நாட்டில் ஆடிப்பெருக்கு, இங்கேயோ ஆனி ஆடியில்தான் மழை மிகக் குறைவு. நீர் இறங்கும், உச்சி வெயிலில் சூடேறிய நீரில் உயிர்வளி குறையும். விடியலும் மாலை ஐந்தரைக்குப் பிறகும்தான் நேரம். ஆழமான பக்கம், பாலத்தின் நிழல், சாய்ந்த மரத்தடி. தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயல் வாய்க்கால்களில் நீர் வற்றும்போது ஹாருவான் மிச்சமிருக்கிற பள்ளங்களில் கூடும். ரப்பர் தவளையை மெதுவாக இழுங்கள், நிறுத்துங்கள், மறுபடி இழுங்கள். வயலில் மருந்து அடித்திருந்தால் அந்த வாய்க்காலை விட்டுவிடுங்கள். உலு சிலாங்கூர் மலையாறுகள் தெளிந்து ஓடுவதால் செபாரா என்ற வேட்டை மீனுக்குச் சின்ன உலோக இரை வீசிப் பார்க்கலாம். புகைமூட்டமும் இந்த மாதங்களில்தான் வரும், காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் வீட்டில் இருங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஐப்பசி அடைமழை இங்கேயும் உண்மை. தீபாவளி நேரத்தில் குளங்கள் நிரம்பி, நீர் தேநீர் நிறத்துக்குப் போய்விடும். கண்ணுக்குத் தெரிகிற இரையைவிட நாறுகிற இரை வேலை செய்யும், கோழிக் குடல் இப்போதுதான் கை கொடுக்கும். நீரில் முழுகிய புல்லோரமாகவே போடுங்கள், தூரத்தில் போடுவது வீண். ஆற்றுக்கு மட்டும் இந்த மாதங்களில் போக வேண்டாம். உலு லங்காட்டில் நீங்கள் நிற்கிற இடத்தில் வெயில் அடிக்கும், மலையில் பெய்த மழை திடீர் வெள்ளமாக இறங்கிவிடும். நீர் சட்டென்று கலங்கினாலோ இலையும் குச்சியும் மிதந்து வந்தாலோ சாமானை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள்.

7. இடி

எந்த மாதமானாலும் இது பொருந்தும். கிள்ளான் பள்ளத்தாக்கில் இடி மிக அதிகம், இன்றைய கோல்கள் பெரும்பாலும் கார்பனால் ஆனவை, கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். இடிச்சத்தம் காதில் விழுந்ததும் கோலைக் கீழே வைத்துவிட்டு காருக்குள் போய் உட்காருங்கள். மரத்தடி கூடாது. கிளம்புமுன் வானிலைத் துறையின் மைச்சுவாச்சா (myCuaca) செயலியைப் பாருங்கள்.

8. பிடித்த பிறகு

கேலியின் பக்கத் துடுப்புகளில் முள் இருக்கிறது, குத்தினால் கை வீங்கி வலி உயிர் போகும். ஈரத் துண்டால் தலைக்குப் பின்னால் இறுக்கிப் பிடித்து, குறடால் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள். குத்திவிட்டால் பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் கையை வைத்தால் வலி குறையும்; குறையாவிட்டால் கிளினிக்குக்குப் போங்கள். கையில் காலில் வெட்டுக் காயம் இருந்தால் குட்டை நீரில் இறங்க வேண்டாம், மழைக்குப் பிறகு எலிக்காய்ச்சல் தொற்றுவது அப்படித்தான்.

தோமான் பிடிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நீர் மேலே சிவந்த குஞ்சுகள் கூட்டமாகப் பொங்கிப் பொங்கி எழுந்தால், கீழே தாயும் தந்தையும் காவல் நிற்கின்றன. அந்த நேரத்தில் எதை வீசினாலும் அவை பாய்ந்து கடிக்கும், பிடிப்பது மிகச் சுலபம். பிடித்துவிட்டால் மற்ற மீன்கள் சில நிமிடத்தில் அந்தக் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும். தயவுசெய்து அந்த இடத்தை விட்டு நகர்ந்து போய்விடுங்கள். மின்சாரம், விஷம், வெடி வைத்துப் பிடிப்பது 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம், அப்படிச் செய்கிறவர்களைப் பார்த்தால் மீன்வளத் துறைக்குச் சொல்லுங்கள்.

சமைக்க வேண்டுமா? கட்டணக் குளத்து மீனைத் தாராளமாகக் கொண்டுபோய்ப் புளிக் குழம்பு வையுங்கள். ஈயக் குட்டை மீனையும் நகரத்துக் கால்வாய் மீனையும் சாப்பிடாதீர்கள், அடிச் சேற்றில் உலோகக் கழிவு இருக்கும் இடங்கள் அவை. அங்கே பிடித்த மீனைக் கையை நனைத்துக்கொண்டு பிடித்து, முள்ளைக் கழற்றி, அது தானாக நீந்திப் போகும் வரை நீருக்குள் தாங்கியிருந்து விடுங்கள். அறுந்த தங்கூசியைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், கரையில் விட்டால் உடும்பும் கொக்கும் அதில் சிக்கிச் சாகும்.