முதல் முறை ப்ரூபப் போகிறவர்களுக்கு: பீரும் சாப்பாடும் ரசிக்கும் வழி

தான் விற்கும் பீரைத் தன் இடத்திலேயே காய்ச்சுகிற உணவகம்தான் ப்ரூபப். பாட்டில் பீரிலேயே பழகியவர்கள் அங்கே போனதும், பலகையில் இருக்கும் ஏழெட்டுப் பெயர்களைப் பார்த்துத் திணறி, கேள்விப்பட்ட பெயராக ஒன்றைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். இது எனக்குப் பெரிய நஷ்டமாகப் படுகிறது. பீரைக் காய்ச்சியவரே அங்கே இருக்கிறார். அவரிடம் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சுவைத்துப் பார்ப்பதற்குத்தான் அங்கே போக வேண்டும்.

படி 1: கிளம்பும் முன்

வண்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். திரும்பி வருவதற்கான ஏற்பாட்டைப் போகும் முன்பே செய்துவிட வேண்டும். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். கூட்டம் சேருவதற்கு முன், வார நாள் மாலையில் போனால் நல்லது. அப்போதுதான் பரிமாறுபவருக்கு உங்களோடு பேச நேரம் இருக்கும். சமையலறை எத்தனை மணி வரை என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் பாரை மூடுவதற்கு முன்பே அடுப்பை அணைத்துவிடுவார்கள்.

படி 2: உட்காரும் முன் டேங்குகளைப் பாருங்கள்

பெரும்பாலும் கண்ணாடிக்குப் பின்னால் பளபளவென்று எஃகுக் கலன்கள் தெரியும். ஒன்றில், நொறுக்கிய மால்ட்டை (முளைவிட வைத்துக் காயவைத்த பார்லி போன்ற தானியம்) ஏறக்குறைய 65 டிகிரி சூட்டில் இருக்கும் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊற வைப்பார்கள். மால்ட்டில் இருக்கும் மாவுச்சத்து அப்போது சர்க்கரையாக மாறும். அந்த இனிப்புச் சாற்றை வடித்து, ஹாப்ஸ் என்ற கொடியின் பூக்களைப் போட்டுக் கொதிக்க விடுவார்கள். கசப்பும் வாசனையும் ஹாப்ஸ் தருவது. ஆறவைத்த பிறகு, அடிப்பாகம் கூம்பாக இருக்கும் டேங்குக்கு மாற்றி ஈஸ்ட் சேர்ப்பார்கள். சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும் வேலை முடிந்த ஈஸ்ட் அந்தக் கூம்பில் போய்ப் படியும்.

இதைப் பார்த்த கையோடு ஒரு கேள்வி கேளுங்கள்: "கடைசியாக எதைத் திறந்தீர்கள்?" ஹாப்ஸ் வாசனை தூக்கலாக இருக்கும் ஐபிஏ போன்ற பீர்களில் முதலில் மங்குவது அந்த வாசனைதான். அதனால் புதிதாகத் திறந்த ஐபிஏ இருந்தால் விடாதீர்கள். ஸ்டவுட் என்ற கறுப்பு பீரில் வீரியமான வகைக்கு இந்த அவசரம் கிடையாது.

படி 3: பலகையைப் படிப்பது

பெயருக்குப் பக்கத்தில் இரண்டு எண்கள் இருக்கலாம். சதவீதக் குறியோடு இருப்பது ஆல்கஹால் அளவு. ஐபியு என்று இருப்பது கசப்பின் அளவு: 10, 15 என்றால் கசப்பு லேசாகத் தெரியும், 60ஐத் தாண்டினால் நன்றாகவே உறைக்கும். ஆனால் மால்ட்டின் இனிப்பு அதிகமாக இருந்தால் அதே கசப்பு அவ்வளவு தெரியாது. அதனால் ஐபியுவை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

நிறத்தை வைத்து வீரியத்தைக் கணக்குப் போடாதீர்கள். கறுப்பாக இருக்கும் ஸ்டவுட்டுகளில் பல 4 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். அந்தக் கறுப்பு, வறுத்த பார்லியிலிருந்து வருகிற நிறம். வெளிர் மஞ்சளாக இருந்துகொண்டு 8 சதவீதத்தைத் தொடும் பீரும் உண்டு.

ஏல், லாகர் என்ற பிரிவு ஈஸ்ட்டைப் பொறுத்தது. ஏல் ஈஸ்ட் 20 டிகிரியை ஒட்டிய சூட்டில் வேகமாக வேலை செய்து பழ வாசனைகளைக் கொடுக்கும். லாகர் ஈஸ்ட் 10 டிகிரியை ஒட்டிய குளிரில் நிதானமாக வேலை செய்யும், அப்புறமும் சில வாரங்கள் குளிரிலேயே கிடக்க வேண்டும். அத்தனை நாளும் ஒரு டேங்க் மாட்டிக்கொள்வதால், சிறிய ப்ரூபப்களில் ஏல் வகைகளே அதிகம் கிடைக்கும். நல்ல லாகர் வைத்திருக்கும் இடத்தின்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. குறையை மறைக்க அதில் வேறு சுவை எதுவும் இருக்காது.

படி 4: ஃப்ளைட் வாங்குங்கள்

முதல் முறை போகிறவர் முழு கிளாஸ் சொல்லவே கூடாது என்பது என் கருத்து. ஃப்ளைட் என்று கேட்டால், நான்கைந்து வகைகளைச் சின்னச் சின்ன கிளாஸ்களில் ஒரு பலகையில் வைத்துத் தருவார்கள். லேசானதிலிருந்து ஆரம்பித்து, கசப்பானதையும் வீரியமானதையும் கடைசிக்கு வையுங்கள். ஐபிஏவை முதலில் குடித்துவிட்டால், அடுத்து வரும் லாகர் வெறும் தண்ணீர் போலத்தான் தெரியும்.

கோதுமை பீர் இருந்தால் அதில் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள். ஜெர்மன் வகையாக இருந்தால் கலங்கலாக இருக்கும், மேலே நுரை கெட்டியாக நிற்கும். நுரையைத் தள்ளாமல் முதலில் மோந்து பாருங்கள். பழுத்த வாழைப்பழம், அதற்குப் பின்னால் கிராம்பு. இரண்டையும் யாரும் அதில் போடவில்லை, எல்லாம் ஈஸ்ட்டின் வேலை. 1516இல் பவேரியாவில் வந்த பீர்ச் சட்டம் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மூன்றை மட்டும்தான் சொல்கிறது. இவ்வளவு வாசனை தரும் ஈஸ்ட்டைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது.

ஸ்டவுட்டை உடனே குடிக்காமல் பத்து நிமிஷம் அப்படியே வையுங்கள். சில்லிப்பு குறையக் குறைய காபி, சாக்லேட் வாசனை மேலே வரும்.

படி 5: சாப்பாடு

ஃப்ளைட் வரும்போதே சாப்பாட்டையும் சொல்லிவிடுங்கள். எண்ணெயில் பொரித்ததற்கு வாயு நிறைந்த லேசான லாகர் பொருத்தம், ஒவ்வொரு மடக்கும் நாக்கைக் கழுவிவிடும். நெருப்பில் சுட்ட இறைச்சிக்கும் காளானுக்கும் மால்ட் வாசனையுள்ள பழுப்பு நிற ஏல் சேரும். சாக்லேட் இனிப்புக்கு ஸ்டவுட்.

காரச் சாப்பாட்டோடு ஐபிஏ சொல்லும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். ஹாப்ஸ் கசப்பும் ஆல்கஹாலும் சேர்ந்து மிளகாயின் எரிச்சலை ஏற்றிவிடும், அப்புறம் பீரும் தெரியாது, சாப்பாடும் தெரியாது. காரத்துக்குக் கோதுமை பீரோ, கொஞ்சம் இனிப்பு ஓடும் மால்ட் வகையோ நல்லது.

படி 6: ஏதோ சரியில்லை என்று தோன்றினால்

சொல்லுங்கள், தயங்க வேண்டாம். லாகரில் வெண்ணெய் வாசனை வருவது, புளிக்கக் கூடாத பீரில் வினிகர் புளிப்பு அடிப்பது, நனைந்த அட்டைப்பெட்டி வாடை வருவது எல்லாமே குறைகள்தான். கலங்கல் அப்படியல்ல, வடிகட்டாத பீர் கலங்கலாகத்தான் இருக்கும். "இது இப்படித்தான் இருக்குமா?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். நல்ல இடமாக இருந்தால் மறுபேச்சில்லாமல் மாற்றித் தருவார்கள், குழாயையும் சோதிப்பார்கள்.

படி 7: எங்கே நிறுத்துவது

5 சதவீத பீர் 330 மில்லியில் ஏறக்குறைய 13 கிராம் ஆல்கஹால். அதுவே 8 சதவீத பீர் 500 மில்லி என்றால் 32 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டையும் ஒரு கிளாஸ் என்றுதான் சொல்கிறோம், ஆனால் உள்ளே போவது இரண்டு மடங்குக்கும் மேல். உடம்பு ஒரு மணி நேரத்தில் 7 முதல் 10 கிராம் வரைதான் கரைக்கும். ஃப்ளைட்டில் பிடித்துப்போன ஒன்றை முழு கிளாஸாக வாங்கி, சாப்பாட்டோடு நிதானமாக முடித்தால் போதும். ஒவ்வொரு பீருக்கும் நடுவில் தண்ணீர் குடியுங்கள்.

இன்னும் வேண்டும் போலிருந்தால், பார்சல் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். சட்டம் அனுமதிக்கும் இடங்களில், மூடி போட்ட பெரிய கண்ணாடிக் குடுவையில் டேப்பிலிருந்தே நிரப்பித் தருவார்கள். வெயில் படாமல் கொண்டுபோய் ஃப்ரிட்ஜில் நிமிர்த்தி வையுங்கள். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் கெட்டு நாறும். சில நாட்களுக்குள் குடித்துவிடுங்கள், மூடியைத் திறந்துவிட்டால் அன்றைக்கே.