ட்ரம் சாஃப்ட்வேர் வாங்குமுன் இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

வீட்டில் இசை செய்யத் தொடங்குகிறவர்கள் பலர் முதலில் காசைக் கொட்டுவது ட்ரம் சாஃப்ட்வேரில்தான். அதையும் எத்தனை கிட் (ட்ரம் செட்), எத்தனை ஜிபி என்று பார்த்தே வாங்கிவிடுகிறார்கள். அதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: உங்கள் பாட்டில் ட்ரம், ஒரு ட்ரம்மர் உட்கார்ந்து வாசித்தது மாதிரி கேட்க வேண்டுமா, மெஷின் பீட் என்று தெரிகிற மாதிரி கேட்க வேண்டுமா?

இரண்டுக்கும் சாஃப்ட்வேரே வேறு. ஈஸிட்ரம்மர், அடிக்டிவ் ட்ரம்ஸ், சுப்பீரியர் ட்ரம்மர் எல்லாம் ஸ்டுடியோவில் மைக் வைத்துப் பதிவுசெய்த நிஜமான ட்ரம் செட்டுகள். பேட்டரி, ஏபில்டனில் இருக்கும் ட்ரம் ரேக், எஃப்எல் ஸ்டுடியோவின் எஃப்பிசி போன்றவை பேடுக்கு (விரலால் தட்டும் கட்டத்துக்கு) ஒரு ஒலி என்று நீங்களே போட்டு அடுக்கிக்கொள்பவை. ட்ராப் (ஹிப்ஹாப்பில் ஒரு வகை) பீட் செய்கிறவருக்கு வேண்டியது ரோலண்ட் 1980-இல் வெளியிட்ட டிஆர்-808 என்ற ட்ரம் மெஷினின் அந்த நீளமான கிக் (கனமான கீழ் ட்ரம் ஒலி). அதைப் பாட்டின் ஸ்ருதிக்குத் தக்கபடி ஏற்றி இறக்க வேண்டும், எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்று நீட்டிக் குறைக்க வேண்டும். இந்த வேலைக்கு அக்கூஸ்டிக் ட்ரம் லைப்ரரி (நிஜ ட்ரம்மின் ஒலிப்பதிவுத் தொகுப்பு) எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரிப்படாது. அளவைப் பற்றிச் சொல்வதென்றால், சுப்பீரியர் ட்ரம்மர் 3-இன் முழு லைப்ரரியே 230 ஜிபிக்கு மேல். 256 ஜிபி டிஸ்க் உள்ள லேப்டாப்பில் அதை எங்கே வைப்பீர்கள்?

அடுத்த தவறு, டெமோ வீடியோவை நம்புவது. அதில் கேட்பது தேர்ந்த ஆள் மிக்ஸ் செய்து, கம்ப்ரஸர் எல்லாம் போட்ட ஒலி. ட்ரையல் கிடைத்தால் இறக்கி, எஃபெக்ட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு நீங்களே சோதியுங்கள். ஹைஹேட்டில் (காலால் திறந்து மூடும் ஜோடித் தட்டு) வரிசையாக 16 நோட் போட்டு, எல்லாவற்றுக்கும் வெலாசிட்டி (அடியின் வலுவைச் சொல்லும் எண்) 100 வைத்து ஓடவிடுங்கள். பதினாறும் அச்சு அசலாக ஒரே ஒலியாக, மெஷின் கன் சுடுகிற மாதிரி கேட்டால் அந்த ஒலிக்கு ஒரே ஒரு பதிவுதான் இருக்கிறது என்று பொருள். நல்ல சாஃப்ட்வேரில் ஒரே அளவு அடிக்கே பல பதிவுகள் இருக்கும், அவை மாறி மாறி ஒலிக்கும். இதைத்தான் ரவுண்ட் ராபின் என்கிறார்கள். அப்புறம் ஸ்னேரை வெலாசிட்டி 20, 60, 100, 127 என்று ஏற்றிக்கொண்டே போங்கள். சத்தம் மட்டும் கூடுகிறதா, ஒலியின் தன்மையும் மாறுகிறதா என்று கவனியுங்கள். மெதுவாகத் தட்டின ஸ்னேரும் ஓங்கி அடித்த ஸ்னேரும் நிஜத்தில் வேறு வேறு ஒலி. பல மலிவான லைப்ரரிகள் கோட்டைவிடுவது இந்த மெதுவான அடியில்தான். திறந்த ஹைஹேட்டை அடித்து உடனே மூடின ஹைஹேட்டை அடித்தால் முதல் ஒலி நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் சோக் குரூப் (ஒரு ஒலி வந்தால் இன்னொன்றை நிறுத்தும் ஏற்பாடு) அமைக்க வசதி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அது வேண்டாம். (மெஷின் பீட்தான் வேண்டும் என்பவருக்கு ரவுண்ட் ராபின் இல்லாதது ஒரு குறையே இல்லை, அந்த ஒரே மாதிரி ஒலிதான் அழகு.)

நம் ஆட்கள் அதிகம் தடுக்கி விழுவது தாளத்தில். எதைத் திறந்தாலும் 4/4, 16 கட்டம் என்றுதான் முன்னால் வந்து நிற்கும், கூடவே வரும் ரெடிமேட் க்ரூவ்களும் பெரும்பாலும் ராக், பாப், ஃபங்க் வகை. நம் குத்துப் பாட்டும் தெம்மாங்கும் பெரும்பாலும் 6/8-இல் ஓடுபவை, அதை 16 கட்டத்துக்குள் திணித்தால் ஆட்டமே செத்துப்போகும். கட்டங்களை 12 ஆக மாற்ற முடியுமா, மிஸ்ர சாபு வேண்டுமென்றால் 14 வைக்க முடியுமா, ஸ்விங் (அடிகளைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு வரும் ஆட்டம்) எவ்வளவு நுணுக்கமாகக் கூட்டலாம் என்பதைக் காசு கட்டுவதற்கு முன்பே பாருங்கள்.

இந்தியத் தாள வாத்தியங்கள் என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குவதும் இதோடு சேர்ந்ததே. திறந்தால் பெரும்பாலும் தபலாவும் டோலக்கும் இருக்கும், பறையோ தவிலோ உறுமியோ அநேகமாக இருக்காது. உங்கள் பாட்டுக்கு அவை வேண்டுமென்றால், சொந்தப் பதிவுகளை ஏற்ற இடம்கொடுக்கும் சாம்ப்ளரைத் தேர்ந்தெடுத்து, வாசிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்து, அவருக்குரிய சம்பளத்தைக் கொடுத்துப் பதிவுசெய்வதே சரியான வழி. பறை என்றால் அடிக்குச்சியின் (குட்டையான தடித்த குச்சி) அடிகளைத் தனியாக, சிண்டுக்குச்சியின் (நீளமான மெல்லிய குச்சி) அடிகளைத் தனியாக எடுங்கள். ஒவ்வொன்றிலும் மெது, நடு, ஓங்கின அடி, ஒவ்வொரு அளவிலும் நாலைந்து முறை. தோலைக் காய்ச்சி வாசிக்கிற வாத்தியம் என்பதால் நேரம் ஆக ஆகச் சத்தம் இறங்கும், நடுநடுவே காய்ச்ச இடைவேளை விடுங்கள். இப்படி எடுத்த ஒரு சின்னத் தொகுப்பு, கடையில் வாங்கும் பெரிய லைப்ரரியைவிட உங்கள் பாட்டில் பல மடங்கு உயிரோடு ஒலிக்கும்.

வாங்கின பிறகு திறக்கவே இல்லை என்ற புலம்பல் பெரும்பாலும் ஃபார்மட்டால், அதாவது உங்கள் இசை சாஃப்ட்வேர் எந்த வகை ப்ளக்இன்னை (அதற்குள் சேர்ந்து ஓடும் சாஃப்ட்வேரை) ஏற்கும் என்பதால் வருவது. ஆப்பிளின் லாஜிக்கும் காராஜ்பேண்டும் ஏயூ வகை மட்டுமே எடுக்கும், ப்ரோ டூல்ஸுக்கு ஏஏஎக்ஸ் வேண்டும், மற்றவை பெரும்பாலும் விஎஸ்டி3. பழைய இலவச ப்ளக்இன்கள் பல விஎஸ்டி2-இலேயே, சில 32 பிட்டிலேயே நின்றுவிட்டன. விஎஸ்டி2-ஐ உருவாக்கிய ஸ்டைன்பெர்க்கே அதைக் கைவிட்டுவிட்டதால் அவற்றை நம்பி பெரிய வேலையைத் தொடங்காதீர்கள். லைசன்ஸை எத்தனை கணினியில் போடலாம், அவ்வப்போது இன்டர்நெட் கேட்குமா என்பதையும் பார்த்துவிடுங்கள். கிக், ஸ்னேர், ஹைஹேட்டைத் தனித்தனி ட்ராக்காக வெளியே எடுக்க முடியவில்லை என்றால் மிக்ஸிங் நேரத்தில் கை கட்டிப்போடப்பட்டுவிடும், அதனால் மல்டி அவுட் கட்டாயம்.

பேடைத் தட்டினால் ஒலி தாமதமாக வருகிறது என்று சாஃப்ட்வேரையே மாற்றுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் குற்றம் பஃபர் (ஒலியைக் கணினி சேர்த்துவைத்து வெளியே அனுப்பும் பகுதி) அளவில்தான். 44.1 கிலோஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் பஃபர் என்றால் அதற்கே சுமார் 23 மில்லிசெகண்ட் போகிறது, 128 ஆக இறக்கினால் 3 மில்லிசெகண்ட்கூட இல்லை. விண்டோஸ் என்றால் ஏஎஸ்ஐஓ ட்ரைவர் (தாமதத்தைக் குறைக்கும் ஆடியோ ட்ரைவர்) போட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்.

க்ராக் பதிப்பு வேண்டவே வேண்டாம். வைரஸ் ஒரு பக்கம், நாளைக்கு அப்டேட் ஒன்று வந்ததும் பாதி முடித்த பாட்டு திறக்காமல் போவது இன்னொரு பக்கம். அதற்குத் தேவையும் இல்லை: ஹைட்ரஜன், எம்டி பவர் ட்ரம்கிட், ஸ்டீவன் ஸ்லேட் ட்ரம்ஸின் இலவசப் பதிப்பு எல்லாம் சும்மாவே கிடைக்கின்றன. மேக் இருந்தால் காராஜ்பேண்டிலேயே ட்ரம்மர் வசதி இருக்கிறது. இவற்றில் ஒன்றை எடுத்து ஒரு பாட்டை முழுசாக முடியுங்கள். எந்த இடத்தில் இது போதவில்லை என்று அப்போது உங்களுக்கே தெரியும், அந்தக் குறையைத் தீர்ப்பதை மட்டும் வாங்குங்கள். அவசரம் இல்லையென்றால் நவம்பர் கடைசிவரை பொறுங்கள், பிளாக் ஃபிரைடே சமயத்தில் ப்ளக்இன் நிறுவனங்கள் பல நன்றாகவே விலையைக் குறைக்கும்.