வழக்குச் சொல்லின் வேரைத் தேடும் முறை

குமரி மாவட்டத்தின் மேற்கே, களியக்காவிளைப் பக்கம், அகராதியில் சட்டென்று அகப்படாத சொல் ஒன்று காதில் விழுந்தால், அதை மலையாளம் என்று தள்ளிவிடுவது வழக்கம். 1956 நவம்பர் 1 வரை இன்றைய கேரளத்துக்கு முன்னிருந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த நிலம் என்பதால் அந்த முடிவு எளிதில் வாய்க்கிறது. பெரும்பாலும் அது அவசர முடிவு.

சொல்லைத் தனியே பிரித்தெடுக்காமல், அது வந்த முழு வாக்கியத்தையும் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். என்ன பொருள் என்று முதியவரிடம் நேராகக் கேட்டால், வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதென்று எதையாவது சொல்லிவைப்பார். எப்போது அப்படிச் சொல்வார், எதற்குச் சொல்லமாட்டார் என்று கேட்பதே பயன் தரும்.

"மக்களே, அந்தத் துவர்த்த எடு" என்று குளத்துப் படியிலிருந்து ஒரு பாட்டி கேட்டால், பேத்தி நீட்டுவது ஈரம் துடைக்கும் துண்டு. துவர்த்து என்பதைப் பெயர்ச்சொல்லாகத் தேடிக் கிடைக்காவிட்டால் வினையாகத் தேட வேண்டும். 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில், துவர்தல் உலர்தலாகவும் துவர்த்துதல் ஈரம் போக்குதலாகவும் நிற்கின்றன. மற்ற மாவட்டத்தார் தலையைத் துவட்டு என்கிறார்களே, அதுவும் இதன் உறவுதான். அடுத்து, இனச்சொற்களை ஒரே எண்ணின்கீழ்த் தொகுக்கும் பரோ, எமனோ ஆகியோரின் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியையும் (இரண்டாம் பதிப்பு, 1984), 1872இல் வெளிவந்த குண்டர்ட்டின் மலையாள அகராதியையும் பார்க்க வேண்டும். மலையாளத்தில் வினை துவர்த்துக, தோர்த்துக என்றும், துண்டு தோர்த்து என்றும் வழங்குகின்றன. வேர் இரு மொழிக்கும் பொது. வினையைத் துண்டுக்குப் பெயராக்கியதை யார் யாரிடம் கற்றார்கள் என்று இந்தச் சான்றுகளை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுதுவது வீண் வம்பு.

ஒலி ஒற்றுமையை மட்டும் நம்ப வேண்டாம். மேசையும் சாவியும் தமிழ் போலவே ஒலித்தாலும் போர்த்துக்கீசியரோடு வந்தவை.

நிலம் சார்ந்த சொல்லானால் வீட்டிலுள்ள பழைய பத்திரங்களைப் புரட்டலாம். அவற்றில் கேரள நாட்காட்டியின் கொல்லம் ஆண்டு இருந்தால், ஆங்கில ஆண்டை அறிய, ஆவணிப் பிறப்பு முதல் டிசம்பர் வரையிலான தேதிக்கு 824, ஜனவரி முதல் ஆடி முடிவு வரையிலானதற்கு 825 கூட்டுங்கள்.

அடுத்த ஊரிலும் அதே சொல் கிடைக்கும்வரை அதை வட்டார வழக்கென்று எழுதாதீர்கள். குழந்தையின் மழலை ஒரு குடும்பத்தில் மூன்று தலைமுறைக்குத் தங்கிவிடுவதுண்டு. அதையும் குறித்துவையுங்கள், பக்கத்தில் ஊரையும், சொன்னவரின் வயதையும், கேட்ட நாளையும் எழுதிவிட்டு, பொருளை மட்டும் பென்சிலால் எழுதுங்கள்.