பனிச்சறுக்கில் பின்னால் சாயாதீர்கள்

எங்கள் தோட்டத்துப் பள்ளிக்குப் பின்னால் ஒரு செம்மண் சரிவு இருந்தது. மழை விட்ட சாயங்காலங்களில் பாக்கு மட்டையில் உட்கார்ந்து ரப்பர் மரங்களுக்கு நடுவே சறுக்குவோம். வேகம் கூடினால் பின்னால் சாய்ந்து குதிகாலை மண்ணில் ஊன்ற வேண்டும். அந்தப் பழக்கத்தோடுதான், மலேசிய அரசு மாணவர்களை ஜப்பானுக்கு அனுப்பிய கிழக்கு நோக்கும் கொள்கைக் காலத்தில் படிக்க ஜப்பான் போனேன். வடக்கே ஹொக்கைடோ தீவில், சப்போரோவின் தெய்னே மலையில், 1972 குளிர்கால ஒலிம்பிக் போட்டி நடந்த அதே மலையில், முதல்முறை ஸ்கீ என்னும் நீளச் சறுக்குப் பலகைகளைக் காலில் மாட்டினேன். எத்தனை முறை விழுந்தேன் என்று எண்ணுவதைப் பாதியில் விட்டுவிட்டேன்.

இப்போது மலேசியா திரும்பி, சுங்கை சிப்புட்டில் ஓய்வாக இருக்கிறேன். ஆண்டுக் கடைசி நெருங்கினால் சாப்பாட்டுக்கடையில் யாராவது பிடித்துக்கொள்வார்கள். "அங்கிள், ஹொக்கைடோ போறோம், என்னென்ன வாங்கணும்?" வாங்க வேண்டியது கொஞ்சம்தான். இங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டிய பழக்கங்கள்தான் நிறைய.

முதலில் அந்தப் பின்சாய்வு. சரிவைக் கண்டதும் உடம்பு தானாகப் பின்வாங்கும். ஸ்கீயைத் திருப்புவது அதன் முன்பாதி பனியில் அழுந்துவதால்தான். நீங்கள் பின்னால் சாய்ந்தால் எடை வால்பக்கம் போய்விடும், நுனி மிதக்கும், ஸ்கீ சொன்ன பேச்சு கேட்காது. பயந்து இன்னும் சாய்வீர்கள், வேகம் இன்னும் கூடும். தொடை எரியும். அந்த நிலையில் விழுந்தால் முழங்கால் தசைநார் கிழியவும் வாய்ப்புண்டு. முழங்காலை மடக்கி, கீழ்க்கால் எலும்பு பூட்ஸின் முன்பக்கத்தை அழுத்துகிறதா என்று பாருங்கள். நாலு கிளாஸ் தே தாரிக்கை, அதாவது நம் இழுத்து ஆற்றிய தேநீரை, தட்டில் ஏந்தி வரும் பையனின் கை இருக்கிறதே, அப்படி உங்கள் கை கண்ணுக்கு முன்னால் இருக்கட்டும். எனக்கு இது உடம்பில் ஏற இரண்டு குளிர்காலம் ஆனது. சரிவை நோக்கிக் குனிவதுதான் பத்திரம் என்று சொன்னால் தோட்டத்தில் வளர்ந்த கால் நம்பாது.

அடுத்தது காலுறை. குளிருக்குப் பயந்து இரண்டு மூன்று ஜோடி போடுகிறார்கள். பூட்ஸ் இறுகினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிட்டுப் போகும். மெல்லிய ஸ்கீ காலுறை ஒன்று போதும். மேல் ஜாக்கெட்டைப் பழைய துணி விற்கும் பண்டல் கடையில் சில பத்து வெள்ளிக்கே வாங்கலாம், தப்பில்லை, என்னுடையதும் அதுதான். உள்ளே பருத்திப் பனியனும் கீழே ஜீன்ஸும்தான் கூடாது. பருத்தி வியர்வையைக் குடித்து ஈரமாகவே கிடக்கும், நின்றதும் நடுக்கம் வரும். கம்பளியோ செயற்கை இழையோ நல்லது. அப்புறம், "நம்ம தோலுக்கு வெயில் என்ன செய்யும்" என்ற அலட்சியம். புதுப் பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். களிம்பும் கண்ணாடியும் கட்டாயம்.

வாடகைக் கடையில் எடையையும் வயதையும் கேட்பார்கள். கூச்சப்பட்டுக் குறைத்துச் சொல்லாதீர்கள். பூட்ஸை ஸ்கீயோடு பிடித்திருக்கும் பூட்டு, விழும்போது எந்த அழுத்தத்தில் பூட்ஸைக் கழற்றிவிட வேண்டும் என்பதை அந்தக் கணக்கை வைத்துத்தான் திருகி வைப்பார்கள். எடையைக் குறைத்தால் நடுவழியில் ஸ்கீ கழன்று ஓடும். "நல்லாவே சறுக்குவேன்" என்று பெருமையடித்தால் கழல வேண்டிய நேரத்தில் கழலாது, முழங்கால்தான் திருகும். மாமா ஒருத்தர் மனைவி பக்கத்தில் நின்றதால் எட்டு கிலோ குறைத்துச் சொன்னார். அவருடைய ஒற்றை ஸ்கீயைத் தேட எங்களுக்கு அரை மணி நேரம் ஆனது.

சரிவில் முன்னால் போகிறவருக்குத்தான் முன்னுரிமை. பின்னால் வருகிறவர்தான் விலக வேண்டும். மேட்டுக்கு அடுத்த மறைவில் நின்று படம் எடுக்காதீர்கள், மேலிருந்து வருகிறவருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். கயிறு கட்டிய இடத்தைத் தாண்டவே கூடாது. மலையிலிருந்து பனி சரிந்து விழும் ஆபத்து ஒரு பக்கம் இருக்க, மரங்களின் அடியில் இளகிய பனி குழியாக இருக்கும். அதில் தலைகீழாக விழுந்தவர் தானாக ஏறி வருவது கடினம். பயணக் காப்புறுதி பனிச்சறுக்குக்கும் சேருமா என்று கிளம்புமுன் படித்துப் பாருங்கள்.

மலைச்சரிவில் இறங்காமல் ஸ்கீயில் நடந்து போகும் கிராஸ் கன்ட்ரி வேறு கதை. ஜப்பானியர்கள் அதை 'நடக்கும் ஸ்கீ' என்பார்கள். குதிகால் கட்டுப்படாமல் இருக்கும், ஸ்கீ ஒல்லியாக இருக்கும். நம் ஆட்கள் மலைக்குப் போடும் அதே கனத்த ஜாக்கெட்டோடு வந்து பத்தே நிமிடத்தில் வியர்த்து, பிறகு நடுங்குகிறார்கள். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும், அதுதான் சரியான உடை. இரண்டாவது தவறு, கையால் கோலை ஊன்றி இழுப்பது. தள்ளுவது கால்தான். ஒரு காலில் முழு எடையையும் வைத்து உந்தி, மற்றக் காலில் வழுக்கிப் போக வேண்டும். ஸ்கீ போவதற்காகப் பனியில் போட்டிருக்கும் தடத்தில் வெறும் காலணியோடு நடந்து அதைக் கெடுக்காதீர்கள்.

வயதானால் இதற்குத்தான் வாருங்கள் என்பேன். கனடாவில் இந்தச் சறுக்கைப் பரப்பிய நார்வேக்காரர் ஹெர்மன் ஸ்மித்-யோஹான்சன் 1875-ல் பிறந்து 1987-ல் இறந்தார். நூறு தாண்டியும் ஸ்கீயை விடவில்லை.

கடைசியாக, "இன்னும் ஒரே ஒரு ரவுண்டு". மாலையில் கால் களைத்திருக்கும், பகலில் இளகிய பனி இறுகிக் கண்ணாடியாகும். 1991-ல் நான் முழங்காலைக் கெடுத்துக்கொண்டது அந்த ஒரு ரவுண்டில்தான். பயணத்துக்கு ஆறு வாரம் முன்பே தொடையைப் பழக்குங்கள். நான் தினமும் விடிகாலையில் வாசல் சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமலே உட்கார்ந்த மாதிரி ஒரு நிமிடம் நிற்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா முதல் வாரம் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.