'கன்ஃப்யூஸ்': யார் குழம்புகிறார், யார் குழப்புகிறார்?

'ஐ ஆம் கன்ஃப்யூஸிங்' என்றால் 'நான் குழம்பிப்போயிருக்கிறேன்' என்று பொருளல்ல. 'நான் பிறரைக் குழப்புகிற ஆள்' என்று பொருள். இந்தச் சொல்லில் நாம் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

தமிழில் தன்வினைக்குக் 'குழம்பு', பிறவினைக்குக் 'குழப்பு' என இரண்டு இருக்கின்றன. ஆங்கிலத்தின் 'கன்ஃப்யூஸ்' நம் 'குழப்பு' மட்டுமே. யாரை, எதை என்று பின்னால் ஒன்று வந்தாக வேண்டும். அதனால் 'நேற்று குழம்பிவிட்டேன்' என்பதற்கு 'ஐ கன்ஃப்யூஸ்ட்' போதாது. 'ஐ காட் கன்ஃப்யூஸ்ட்' வேண்டும். 'குழம்பாதே' என்பதற்கு 'டோன்ட் கெட் கன்ஃப்யூஸ்ட்'. 'டோன்ட் கன்ஃப்யூஸ் மீ' என்றால் 'என்னைக் குழப்பாதே'.

கேள்வி குழப்பினால் அது 'கன்ஃப்யூஸிங்'. அதைப் படித்து விழிப்பவர் 'கன்ஃப்யூஸ்ட்'. ஆனால் 'எட்' (-ed) என்று முடியும் இந்த வடிவம் ஆட்களுக்கு மட்டும்தான் என்று மனப்பாடம் செய்துவிட வேண்டாம். முன்பின் ஒழுங்கில்லாமல் எழுதிய அறிக்கையை 'எ கன்ஃப்யூஸ்ட் ரிப்போர்ட்' என்பது நல்ல ஆங்கிலமே.

ஒன்றை இன்னொன்றாக நினைத்துவிட்டால் 'வித்' வரும்: 'பீப்பிள் கன்ஃப்யூஸ் வெதர் வித் கிளைமேட்'. 'வித்'துக்குப் பதில் 'ஆண்ட்' போட்டாலும் சரி. 'ஆஸ்' போட்டால் தவறு. 'கன்ஃப்யூஸ்ட் பிட்வீன்' என்பதை நாம் பெரும்பாலும் வேறொன்றுக்குப் பயன்படுத்துகிறோம்: இரண்டில் எதை எடுப்பது என்ற தயக்கத்துக்கு. அது தெளிவின்மை அல்ல, முடிவெடுக்க முடியாமை. 'ஐ கான்ட் டிசைட் பிட்வீன் த டூ' என்பதே பொருத்தம்.

'ஐ ஹாவ் மெனி கன்ஃப்யூஷன்ஸ்' காதுக்கு உறுத்தும். 'கன்ஃப்யூஷன்' பெரும்பாலும் எண்ண முடியாத பெயர்ச்சொல். கேட்க வேண்டியவை பல இருந்தால் 'ஐ ஹாவ் எ ஃப்யூ கொஸ்டின்ஸ்' என்று கேட்டுவிடலாம். அலுவலக மின்னஞ்சலில் 'தேர் இஸ் சம் கன்ஃப்யூஷன் அபௌட் த டேட்' என்று ஒருமையில் எழுதுங்கள்.

அழகுக்காக 'பெம்யூஸ்ட்' போடுபவர்கள் கவனிக்க: அது வேடிக்கையாக ரசிப்பதைச் சொல்லும் 'அம்யூஸ்ட்' அல்ல, அடிப்படைப் பொருள் திகைப்பு. 'நான்ப்ளஸ்ட்' இன்னும் ஆபத்தானது. என்ன செய்வதென்று தெரியாமல் திகைத்து நிற்பதே அதன் பழைய பொருள். அமெரிக்கப் பேச்சிலோ 'சற்றும் அசராதவர்' என்ற நேரெதிர்ப் பொருளும் புழங்குகிறது. திகைப்பைச் சொல்ல இரண்டு இடத்திலும் 'பஃபில்ட்' போட்டால் யாரும் தவறாகப் படிக்க மாட்டார்கள்.